உடைந்த முதுகும் 592 கிலோவும்: பிரையன் கரோல், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 அக்டோபரில், அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த பவர்லிஃப்டர் பிரையன் கரோல் 1,306 பவுண்டு எடையைத் தோளில் வாங்கி, உட்கார்ந்து எழுந்தார். நம் கணக்கில் சுமார் 592 கிலோ. அதுவரை போட்டி மேடையில் யாரும் அவ்வளவு எடையோடு ஸ்குவாட் செய்ததில்லை. அவர் அணிந்திருந்தது பல அடுக்குத் துணியில் தைத்த விறைப்பான ஸ்குவாட் சூட். முழங்கால்களில் இறுகச் சுற்றிய கட்டு. இவை இல்லாமல் தூக்கும் பிரிவோடு இந்த எண்ணை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் சூட் போட்டவரின் முதுகெலும்பு வழியாகத்தான் அந்த 592 கிலோவும் தரைக்கு இறங்கியாக வேண்டும்.

அதே முதுகெலும்பு 2013இல் இருந்த நிலை வேறு. இடுப்புக்குக் கீழே உள்ள சாக்ரம் எலும்பில் முறிவு. அதற்கு மேலே எல்4, எல்5 எனப்படும் கீழ் முதுகு முள்ளெலும்புகளின் எண்ட்பிளேட்கள், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் உட்காரும் மேல்-கீழ்த் தகடுகள், நொறுங்கியிருந்தன. டிஸ்க்குகளும் கெட்டிருந்தன. இனி எடையைத் தொடாதே என்பதுதான் மருத்துவர்களிடம் அவர் கேட்ட பதில். அந்த ஆண்டு அவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கிலிடம் போனார். மெக்கில் முதுகெலும்பு எந்த விசையில் எப்படிக் கெடுகிறது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் அளந்தவர். அறுவை சிகிச்சை இல்லாமல் கரோல் வலியிலிருந்து மீண்டார். பிறகு மேடைக்கும் திரும்பினார்.

இந்தக் கதை வெளியே போகும்போது பெரும்பாலும் ‘மன உறுதி இருந்தால் எலும்பும் வழிவிடும்’ என்ற ரகத்தில்தான் போகிறது. நடந்ததை உற்றுப் பார்த்தால் நேர் எதிரான ஒன்று தெரிகிறது. கரோலின் முதுகை உடைத்ததில் அவருடைய மன உறுதிக்கும் பங்கு உண்டு. வலியைப் பொறுத்துக்கொண்டு அடுத்த செட்டுக்குப் போகும் பழக்கம்தான் அது. முதுகு தேறியது, அதே உறுதியை அவர் தூக்காமல் இருப்பதற்குச் செலவிட்டபோது. உடற்பயிற்சி பற்றியும் மனநிலை பற்றியும் கீழே வருவதெல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளம்புபவை.

எங்கே, எப்படி உடைகிறது

கனத்த டெட்லிஃப்டின்போது, அதாவது தரையில் உள்ள பார்பெல்லைத் தூக்கி நிமிரும்போது, கீழ் முதுகில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று மெக்கில் குழு 1991இல் கணக்கிட்டு வெளியிட்டது. தேர்ந்த லிஃப்டர்களுக்கு அது 17,000 நியூட்டனைத் தாண்டியது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ், தொழிலாளர்கள் அன்றாடம் தூக்கும் வேலைக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை வரம்பு 3,400 நியூட்டன். ஐந்து மடங்கு. பல ஆண்டுப் பயிற்சியில் எலும்பு தடித்து, அடர்ந்து, இதைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. ஆனால் அழுத்தம் தாங்கும் எல்லையைத் தாண்டும்போது முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, எண்ட்பிளேட்தான். தகடு விரிசல் விட்டால் டிஸ்க்கின் உட்கூழ் முள்ளெலும்புக்குள் இறங்கும். டிஸ்க்கின் உயரம் குறையும். அந்த மூட்டு தளர்ந்து, சிறு அசைவுக்கும் வலிக்கும்.

அதே ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு சம்பவம் இதைக் கண்ணெதிரே காட்டியது. லிஃப்டர்கள் டெட்லிஃப்ட் செய்யும்போது முதுகெலும்புகள் அசைவதை எக்ஸ்-ரே வீடியோவில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவருக்கு முதுகில் வலி பாய்ந்தது. பதிவைப் பார்த்தால், மற்ற மூட்டுகளெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, ஒரே ஒரு மூட்டு மட்டும் தன் முழு மடிப்பு எல்லையை அரை டிகிரி அளவுக்குத் தாண்டியிருந்தது. ஒரு கணம்தான். அவர் பலமில்லாதவர் அல்ல. முதுகை ஒட்டிய தசைகளில் ஏதோ ஒன்று அந்தக் கணத்தில் பிடியை விட்டிருக்கிறது. பலம் இருப்பது வேறு, அதை ஒவ்வொரு நொடியும் ஒருங்கிணைத்துப் பிடித்திருப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

முதல் மருந்து: நிறுத்தம்

கரோல் எடையை நிறுத்தினார். ‘கொஞ்சம் குறைத்துக்கொள்வது’ அல்ல, முழு நிறுத்தம். எலும்பு முறிவு ஆறக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் வாரம் ஒரு முறை ‘சும்மா பார்க்கலாம்’ என்று பார்பெல்லைத் தொட்டாலும் ஆறும் எலும்பு மறுபடி விரியும். புண்ணின் பொருக்கை வாரா வாரம் பிய்த்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மெக்கிலின் முறையில் நிறுத்தத்துக்கு முன்பே ஒரு வேலை உண்டு: வலியைக் கிளப்புவது எது என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது. எம்.ஆர்.ஐ. படம் இதற்குப் போதாது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். முதுகெலும்பின்மேல் அழுத்தம் கூடும். வலிக்கிறதா? இப்போது கூன் போட்டு உட்கார்ந்து அதையே செய்யுங்கள். நிமிர்ந்தபோது இல்லாத வலி கூன் போட்டபோது வந்தால், அழுத்தமும் மடிப்பும் சேர்ந்துதான் பிரச்சினை. நிமிர்ந்திருக்கும்போதே வலித்தால் அழுத்தமே தொல்லை. நுனிக்காலில் எழும்பிக் குதிகாலைத் தொப்பென்று தரையில் போடுவதும் அழுத்தத்தைச் சோதிக்கத்தான். முறிவு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். பின்னால் வளையும்போது மட்டும் வலி வந்தால் கதை வேறு. விடை எதுவானாலும் செயல் ஒன்றுதான்: கிளப்பும் அசைவை அன்றாடத்திலிருந்து சில வாரங்களுக்கு அகற்றுவது, வலி கிளப்பாத அசைவுகளைத் தாராளமாகச் செய்வது.

சோதனைக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி காத்திருக்கட்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் போய்விடுவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் தேய்வது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. முதல் இரண்டும் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்த பிறகு வந்த வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களின் வலி ஆகியவையும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மூன்று பயிற்சிகள்

கரோலின் மறுவாழ்வில் நடுநாயகமாக இருந்தவை மூன்று பயிற்சிகள். ‘மெக்கில் பிக் 3’ என்று ஜிம்களில் பெயர். பார்க்க ஒன்றுமே இல்லாதவை. ஆயிரம் பவுண்டு தூக்கியவருக்குத் தரையில் படுத்துத் தலையை ஓர் அங்குலம் உயர்த்தச் சொன்னால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் தேர்வில் கணக்கு இருக்கிறது: முதுகெலும்பின்மேல் குறைந்த அழுத்தம் விழ, அதைச் சுற்றியுள்ள தசைகளுக்கு அதிக வேலை கிடைக்கும் அசைவுகள் இவை.

முதலாவது, மாற்றியமைத்த கர்ல்-அப். மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள்; மற்றது நீட்டியே இருக்கட்டும். இரு கைகளையும் உள்ளங்கை தரையைப் பார்க்க, இடுப்புக்குப் பின்னால் உள்ள வளைவுக்கு அடியில் செருகுங்கள். கை அங்கே இருப்பது அந்த வளைவு தட்டையாகிவிடாமல் காக்க. வயிற்றை விறைத்து, தலை, கழுத்து, தோள் மூன்றையும் ஒரே துண்டாகக் கொஞ்சம் உயர்த்துங்கள். தலை ஓர் எடை மெஷின்மேல் இருப்பதாகவும், முள் பூஜ்யத்துக்கு வரும் அளவு மட்டும் தூக்குவதாகவும் நினைத்துக்கொள்ளலாம். 10 விநாடி பிடித்து இறக்குங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி எண்ணிக்கையில் காலை மாற்றுங்கள். அதிகம் நடக்கும் தவறு, பழைய சிட்-அப் ஞாபகத்தில் தாடையை மார்பில் இடித்துக்கொண்டு எழும்புவது. அப்படிச் செய்தால் கழுத்துதான் முதலில் வலிக்கும். முதுகும் மடியும், எதைத் தவிர்க்க இதைச் செய்கிறோமோ அதுவே நடக்கும்.

இரண்டாவது, சைடு பிரிட்ஜ். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும். மேல் கையை எதிர்த் தோளில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். இடுப்பை மேலே மட்டுமல்ல, முன்னோக்கியும் தள்ளி எழுப்புங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வர வேண்டும். 10 விநாடி. இடுப்பு பின்னால் தொங்கினாலும், ஊன்றிய தோள் காதோடு ஒட்டினாலும் இறக்கிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். தோள்வலி உள்ளவர்கள் சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றே தொடங்கலாம். முழங்காலில் எளிதானதும் கால்களை நீட்டிப் பாதங்களில் நிற்கும் வடிவத்துக்குப் போகலாம். மேல் காலின் பாதம் முன்னால், கீழ்க்காலின் பாதம் பின்னால்.

மூன்றாவது, பேர்ட் டாக். கையும் காலும் ஊன்றி நான்கு காலில் நில்லுங்கள். மொசைக் தரையானால் முழங்காலுக்கு மடித்த போர்வை. வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதுபோல் நீட்ட வேண்டும்; இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நீட்டிய கையின் விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொண்டால் தோளும் மேல் முதுகும் சேர்ந்து இறுகும். 10 விநாடி கழித்துக் கையையும் முழங்காலையும் தரையைத் துடைப்பதுபோல் உள்ளே இழுத்து, ஓய்வில்லாமல் அடுத்ததற்கு நீட்டுங்கள். காலை உயரமாகத் தூக்கிக் காட்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. கால் உயர்ந்தால் கீழ் முதுகு குழிந்து, புட்டத் தசை செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்யத் தொடங்கும். கீழ் முதுகில் பாதி நீருள்ள பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பாருங்கள்; இடுப்பு சரிகிறதா என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்காது.

அளவு: முதல் செட்டில் 6 முறை, அடுத்ததில் 4, கடைசியில் 2. ஒவ்வொன்றும் 10 விநாடி, செட்டுகளுக்கு இடையே அரை நிமிடம். பக்கம் மாற்றும் பயிற்சிகளில் இது ஒவ்வொரு பக்கத்துக்கும். கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 2 நிமிடப் பிடிப்பு. மூன்றும் சேர்த்துக் கால் மணி நேரம், தினமும். எளிதானால் 8-6-4க்குப் போங்கள், பிடிக்கும் நேரத்தை நீட்டாதீர்கள். 10 விநாடிக்கு மேல் இறுகிய தசையில் ஆக்சிஜன் குறைந்து, களைப்பில் உடம்பு தவறான வடிவத்துக்கு நழுவும். எண்ணிக்கை இறங்குமுகமாக இருப்பதற்கும் இதே காரணம்: களைப்பு ஏறும்போது வேலை குறைகிறது, கடைசி முறையும் முதல் முறைபோல் சுத்தமாக இருக்கும். கடைசிச் சொட்டு வரை கறப்பதே பயிற்சி என்று பழகியவருக்கு இது கொஞ்சம் கசக்கும்.

ஏன் பலம் அல்ல, தாங்கு நேரம்? 1984இல் டென்மார்க்கின் பியரிங்-சோரன்சன் வெளியிட்ட ஆய்வு இங்கே திருப்புமுனை. கட்டிலின் விளிம்பில் மேலுடலை அந்தரத்தில் பிடித்திருக்கும் சோதனையில் குறைந்த நேரமே தாங்கிய ஆண்களுக்கு, அடுத்த ஓராண்டில் முதல் முதுகுவலி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆரோக்கியமான இளைஞர்களிடம் மெக்கில் அளந்த சராசரிப்படி சைடு பிரிட்ஜை ஆண்கள் பக்கத்துக்கு ஏறத்தாழ 95 விநாடியும், பெண்கள் 75 விநாடியும் தாங்கினார்கள். இந்த எண்ணைவிட, இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் 80, மறுபக்கம் 50 என்றால் குறைந்த பக்கத்துக்கு ஒரு செட் கூட்டுங்கள். இந்தச் சோதனையை வலி அடங்கிய பிறகே செய்ய வேண்டும்.

மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி

கால் மணி நேரப் பயிற்சியை நாளின் மற்ற நேரம் அழித்துவிட முடியும். இதில் கூடுதலாகக் கெடுப்பது காலை முதல் மணி நேரம். இரவு படுத்திருக்கையில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்தவுடன் குனிந்தால் டிஸ்க்கிலும் தசைநார்களிலும் விழும் இழுவிசை பகலில் குனிவதைவிடக் கணிசமாகக் கூடுதல். நடமாட நடமாட நீர் வடிந்து இறுக்கம் தளர்கிறது. காலையில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னாலே நாள்பட்ட முதுகுவலி குறைகிறது என்று ஸ்னூக் குழு 1998இல் ஒரு சோதனையில் காட்டியது. மாத்திரை இல்லை, மெஷின் இல்லை.

நம் வீடுகளில் அந்த முதல் மணியில் என்ன நடக்கிறது? வாசல் பெருக்குவது, தண்ணீர் தெளிப்பது, கோலம் போடுவது. மூன்றும் முதுகை முழுக்க மடித்துச் செய்யும் வேலைகள், அதுவும் படுக்கையிலிருந்து எழுந்த பத்தாவது நிமிடம். முதுகுவலி உள்ள பெண்ணுக்குக் கோலத்தை விடச் சொல்வது நடக்கிற காரியமில்லை. முதலில் காப்பி, சமையலறையில் நின்று செய்யும் வேலை, ஒரு மணி கழித்து வாசல் என்று வரிசையை மாற்றச் சொல்வது நடக்கும். நீளக் கைப்பிடி உள்ள துடைப்பமும் உதவும். மேலே சொன்ன மூன்று பயிற்சிகளையும் எழுந்தவுடன் செய்யாதீர்கள். யோகா வகுப்பு விடியற்காலை ஐந்தரைக்கு என்றால், முன்வளையும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

குனிவதற்கு வேறு வழி இடுப்பு மூட்டில் மடிவது. ஒட்டடைக் கம்பு ஒன்றை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும். இப்போது புட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலை லேசாக மடக்கி, முன்னால் சாயுங்கள். மூன்றில் ஓர் இடத்தில் கம்பு விலகினால் அந்த இடத்தில் முதுகு மடிந்துவிட்டது என்று பொருள். பத்துப் பத்தாக நாளுக்கு இரண்டு தடவை, ஒரு வாரம் செய்தால் கம்பு இல்லாமலே வரும். பிறகு அதைப் பல் துலக்கும்போது, சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது, வண்டியை ஸ்டாண்டு போடும்போது பயன்படுத்த வேண்டும். அங்கே வராவிட்டால் பயிற்சி செய்து பயனில்லை.

நடையும் மருந்துதான், ஒரே மூச்சில் அல்ல. 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று முறை, கையைத் தோளிலிருந்து வீசி, கொஞ்சம் விரைவாக. கடை ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நகரும் நடை முதுகை ஒரே நிலையில் அழுத்திவைக்கும்; அதில் சிலருக்கு வலி கூடவே செய்யும். நடையின் பலனுக்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகக் குழு 2024இல் வெளியிட்ட சோதனையில், முதுகுவலியிலிருந்து சமீபத்தில் தேறிய 701 பேர் இருந்தனர். படிப்படியாக நடையைக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம் என்பதை நோக்கிப் போனவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112.

மறுபடி எடை

மெக்கிலின் வரிசை இப்படிப் போகிறது: வலி தராத அசைவு, அதன்மேல் நிலைத்தன்மை, அதன்மேல் தாங்கு நேரம், அதற்கப்புறமே பலம், கடைசியில் வேகமும் உச்சத் திறனும். கரோலும் இந்தப் படிகளில்தான் ஏறினார். கனத்த பயிற்சிகளுக்கு நடுவே நாலைந்து நாள் இடைவெளி வேண்டும் என்பது மெக்கிலின் கணக்கு. தசை இரண்டு நாளில் தயாராகிவிடும், எலும்பில் விழுந்த நுண்விரிசல் அவ்வளவு சீக்கிரம் மூடாது. திங்கள் ஸ்குவாட், புதன் டெட்லிஃப்ட், வெள்ளி இரண்டும் என்று அட்டவணை போடும் ஜிம்கள் தசைக்கு மட்டும் கணக்குப் பார்க்கின்றன. ‘டெட்லிஃப்ட் அடி, முதுகுவலி ஓடிடும்’ என்கிற ரீல்ஸ் அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. அது நான்காம் படிக்கான அறிவுரை. கேட்பவர் பெரும்பாலும் முதல் படியில் நிற்கிறார்.

592 கிலோ தேவையில்லாதவருக்கு நான்காம் படி என்பது வாளியும் அரிசி மூட்டையும்தான். பத்து லிட்டர் வாளியில் பாதி நீர் பிடித்தால் 5 கிலோ. ஒரு கையில் தூக்கி, எதிர்ப்பக்கம் சாயாமல் 20 மீட்டர் நடந்து, கை மாற்றித் திரும்புங்கள். மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டலாம். ஒரு கைச் சுமை பக்கவாட்டுத் தசைகளுக்குப் பயிற்சி. அன்றாடம் சந்தைப் பை தூக்கும்போது இரு கைகளுக்கும் பிரித்துக்கொள்வதே முதுகுக்கு நல்லது. 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து, நாற்காலி விளிம்பைத் தொட்டு எழுவது அடுத்தது. எட்டு முறை, இரண்டு செட்.

20 லிட்டர் தண்ணீர் கேன் தனிப் பிரச்சினை. கேன் 20 கிலோ. ஆனால் அதைத் தரையிலிருந்து எடுத்து டிஸ்பென்சர்மேல் கவிழ்க்கும்போது எடை உடம்பிலிருந்து விலகிப்போகிறது, முதுகு மடிகிறது, கடைசியில் திரும்புகிறது; மூன்றும் ஒரே அசைவில். முதலில் ஸ்டூல்மேல் ஏற்றி, பிடியை மாற்றி, உடம்போடு ஒட்டி, பாதங்களை டிஸ்பென்சர் பக்கம் திருப்பிய பிறகு தூக்குங்கள். தேறிவரும் முதல் மூன்று மாதம் கையால் அழுத்தும் பம்பைச் செருகிவிட்டால் தூக்கும் வேலையே இல்லை.

கூட்டுவதா குறைப்பதா என்பதை அடுத்த நாள் காலை முடிவு செய்யட்டும். பயிற்சியின்போது லேசாக வலித்து இரவுக்குள் அடங்கினால் அதே அளவில் தொடரலாம். மறுநாள் எழும்போது முந்தைய நாளைவிட இறுக்கமும் வலியும் கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். முதுகுவலி காலில் இறங்கினால், அதாவது புட்டத்திலிருந்து கெண்டைக்கால், பாதம் என்று நீண்டால், அது கூடுவதன் அறிகுறி. காலிலிருந்து மேலேறி முதுகில் மட்டும் நின்றால், முதுகில் வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் நல்ல அறிகுறி.

இந்த நிகழ்வை எவ்வளவு நம்பலாம்

ஒரே மனிதர். இதே முறையில் முயன்று தேறாதவர்களைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. எண்ட்பிளேட் முறிவு காலப்போக்கில் தானாகவும் ஆறும். கரோல் வெறுமனே ஓராண்டு எடையை விட்டிருந்தாலே எவ்வளவு தேறியிருப்பார் என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. மறுபடி உச்ச எடைக்குப் போனது அவருடைய தொழில்முறைத் தேர்வு. முதுகு நலத்துக்கு அது தேவையான படி அல்ல.

பெரிய சோதனைகள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 492 பேரிடம் நடந்த ரெஸ்டோர் சோதனை 2023இல் லான்செட் இதழில் வெளியானது. பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஓ’சல்லிவன் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த முறை அது: பிசியோதெரபிஸ்ட் 12 வாரத்தில் ஏழு அமர்வு வரை உட்கார்ந்து பேசி, பயந்து தவிர்த்த அசைவுகளையே தளர்வாகச் செய்யப் பழக்குவார், 26ஆம் வாரம் இன்னோர் அமர்வு. பலன் ஓராண்டுக்கும் நின்றது. அங்கே சொல்வது, ‘உங்கள் முதுகு உறுதியானது, தயங்காமல் குனியுங்கள்’. மெக்கில் சொல்வது, ‘குனிவதை நிறுத்துங்கள்’. பிசியோக்களிடையே இதை வைத்துப் பெரிய சண்டையே நடக்கிறது.

சண்டைக்கு அவசியம் குறைவு என்பதே எங்கள் கணிப்பு. முதுகுவலிக்காரர்களில் இரண்டு சுபாவம் உண்டு: தாங்கிக்கொண்டு தொடர்பவர், பயந்து தவிர்ப்பவர். கரோல் முதல் வகை, அதுவும் உடைந்த எலும்போடு. அவருக்குத் தேவைப்பட்டது கடிவாளம். நம்மிடையே அதிகம் பார்ப்பது இரண்டாம் வகை. எம்.ஆர்.ஐ.யில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, என்று வந்துவிட்டது, ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெல்ட், கட்டில், பேரக் குழந்தையைத் தூக்கப் பயம். அவருக்கு ஒரு கணக்கு தெரிய வேண்டும். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரை முடியைப் படம் எடுத்து நோய் என்று சொல்வதில்லை. அவரிடம் போய் மெக்கிலின் தடைப் பட்டியலைக் கொடுத்தால் பயம் இறுகும். கரோலிடம் போய்த் தளர்வாகக் குனி என்றால் முறிவு விரியும்.

தாங்கிக்கொள்பவர் மேலே சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றட்டும். மூன்று வாரம் வலி இல்லையென்றாலும் அடுத்த படிக்குத் தாவாமல் இன்னும் ஒரு வாரம் அதிலேயே நிற்கட்டும். தவிர்ப்பவருக்கு, மூன்று பயிற்சிகளோடு, பயப்படும் அசைவுகளைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையை முழங்கால் வரை இறக்குவது முதலில். பிறகு கணுக்கால் வரை. மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்காமல், நாளைக்கு பத்து முறை. ஒரு வாரத்தில் நின்றபடி நாற்காலிமேல் உள்ள துண்டை எடுப்பது, அடுத்து ஸ்டூல்மேல் உள்ளதை, அடுத்துத் தரையில் உள்ளதை. துண்டுக்குப் பதில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வரும் நாளில் பெல்ட்டைக் கழற்றிவிடலாம்.

எந்தச் சுபாவமானாலும் வலி ஒரு நாள் திரும்பும். தேறியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பவே செய்கிறது. அப்போது முதல் நாள், வலி தராத நிலையில் படுங்கள். குனிந்தால் வலிப்பவர்களுக்குக் குப்புறப் படுத்து, தேவைப்பட்டால் வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, ஐந்து நிமிடம். பலருக்கு இது போதும். ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடங்கள். இரண்டாம் நாளிலிருந்து மூன்று பயிற்சிகளை 3-2-1 என்று தொடங்குங்கள். வாளி நடை வலி வருவதற்கு முன்பிருந்த எடையில் பாதியாக, வார இறுதியில். ஆறு வாரம் ஆகியும் பழைய இடத்துக்கு வரவில்லை என்றாலோ, கால்வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, பயிற்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.